கென்டர் லொறிக்கு வீட்டில செஞ்ச குளிர்காத்துக் குழாய்: பிழைச்சது, சரிவந்தது எல்லாம்

பதுளை றோட்டு லுணுகலை ஏத்தத்தில எங்கட லொறிக்குப் பின்னால வந்த பஸ்காரன் ஹோர்ன் அடிச்சு அடிச்சுப் பாத்துப்போட்டு, கடைசியா ஓவர்டேக் பண்ணக்குள்ள ஜன்னலால தலைய நீட்டி ஏசிப்போட்டுப் போனான். அவன்ட முன்கண்ணாடி முழுக்க எங்கட புகை. பிழை எங்கடதான், வாயத் திறக்கேலா. அந்தப் புகையக் குறைக்க, எஞ்சின் சூடு படாத வெளிக்காத்த எஞ்சினுக்குக் கொண்டுவாற குழாய் ஒண்ட நாங்களே செஞ்ச கதைதான் இது.

லொறி மச்சான்ட. மிட்சுபிசி கென்டர், 94ம் ஆண்டு மொடல், எஞ்சின் 4டி32, 3567 சீசீ, காத்த அமுக்கித் தள்ற டேர்போ இல்ல, கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் ஒண்டும் இல்ல, எஞ்சினுக்கு டீசல் அடிக்கிறது பழைய பம்ப். 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டினாப் பிறகு இந்தப் பழைய லொறியள்ர விலை எங்கயோ ஏறிப்போச்சு, அதால அந்த நேரம் ஆரும் வித்ததும் இல்ல வாங்கினதும் இல்ல, இருந்தத ஒட்டிப் பொருத்தி ஓடினதுதான். களுவாஞ்சிக்குடியில இருந்து கிழமைக்கு ரெண்டு தரம் பண்டாரவளைக்குப் போகும். போகக்குள்ள சம்மாந்துறை மில் அரிசி, வரக்குள்ள மரக்கறி, விடியப்புறம் கல்முனை மாக்கட்டுக்கு இறக்கோணும். செங்கலடியால ஏறினா கரடியனாறு, மகாஓயா, பதியத்தலாவை, பிபிலை மட்டும் சொகுசா ஓடும். பிபிலை கழிய ஏத்தம் துவங்கினாப் பிறகுதான் தன்ட குணத்தக் காட்டும். ரெண்டாம் கியர், கறுப்புப் புகை, இழுவை செத்துப்போகும்.

நான் மெக்கானிக் இல்ல. தண்ணிப் பம்ப்பும் மோட்டரும் திருத்துறவன். ஆனா தண்ணிப் பம்ப்புக்கு சக்சன் பக்கம், அதாவது உறிஞ்சுற பக்கம், சரியில்லாட்டி மோட்டர எவ்வளவு பெரிசாப் போட்டும் வேலையில்ல எண்டுறது எனக்கு இருபது வருசப் பாடம், இந்தக் கதையில எனக்குக் கைகுடுத்ததும் அதுதான்.

பஸ்காரன் ஏசினது ஒரு பக்கம். வருச லைசன் எடுக்கப் புகை டெஸ்டுக்குக் கொண்டு போனா பெயில். நியூட்ரல்ல வெச்சு அக்சிலேட்டர ஒரேயடியா மிதிக்கச் சொல்லி, சைலன்சருக்குள்ள குழாய விட்டு புகைட கருமைய அளப்பாங்களே, அதில முதல் மிதியிலேயே அந்தப் பொடியன் தலைய ஆட்டிட்டான். மறுகா டீசல் பம்ப் டெஸ்ட் பண்ற கடை ஒண்டுக்குக் கொண்டு போனம். அவங்க லொறியத் திறந்தும் பாக்காம பம்ப், டீசலப் பீச்சுற நொசில் எல்லாம் கழட்டோணும், 85,000 ரூவா வரும் எண்டு சொல்லிப்போட்டாங்க. மச்சான் சரியெண்டு தலையாட்டப் போனார். நான்தான் ஒரு நாள் பொறுங்க மச்சான் எண்டு சொல்லி, கல்முனையில எங்களுக்குப் பழக்கமான கராஜ் நானாட்டக் கொண்டு போனன்.

நானா சாரத்த மடிச்சுக் கட்டிக்கொண்டு வந்து, எஞ்சின ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, புகைய ஒரு நிமிசம் பாத்தார். "தம்பி, கறுப்புப் புகை எண்டா டீசல் கூட, இல்லாட்டிக் காத்துக் குறைவு. டீசலக் குறைக்க 85,000 கேக்கிறாங்க. காத்து சும்மா கிடக்கு. முதல்ல அதப் பாருங்க." அவ்வளவுதான் சொன்னார், டீக்கும் காசு வாங்கல்ல.

கெபின சாய்ச்சுப் பாத்தா விசயம் பளிச்செண்டு கிடக்கு. கென்டருக்கு கொம்பனியே கெபினுக்குப் பின்னால மேலுக்கு ஒரு குழாய் வெச்சுத்தான் அனுப்பும். மேல இருந்து காத்த இழுத்து, கீழ ரப்பர் மூட்டு ஒண்டால காத்து வடிக்கிற பில்டர் டப்பாவுக்குக் குடுக்கும். கெபின் சாயக்குள்ள அந்த மூட்டு விலகும், இறங்கக்குள்ள திரும்ப வந்து குந்தும். எங்கட லொறியில குழாயும் இல்ல, மூட்டும் இல்ல. முன்னம் வெச்சிருந்த ஆள் பொடிய, அதான் பாரம் ஏத்துற பின்பெட்டிய, உயத்திக் கட்டக்குள்ள முன்பலக இடிக்குது எண்டு குழாய அறுத்து எறிஞ்சிருக்கிறார். இப்ப பில்டர் டப்பாட வாய் எஞ்சினுக்குப் பின்னால, கியர்பெட்டிக்கு மேல, சைலன்சர் பைப் போற பக்கத்துக்கு ஒரு முழம் தள்ளி 'ஆ'வெண்டு திறந்து கிடக்கு. அதோட முன் டயர் கிளப்புற புழுதி முழுக்க நேர அதுக்குள்ளதான். மனிசன அடுப்படியில இருத்தி வாயத் திறந்து வெச்சுக்கொண்டு ஓடச் சொன்ன மாதிரி.

பழைய வாகனச் சாமான் விக்கிற கொழும்பு பஞ்சிகாவத்தையில பழைய குழாய் கிடைக்குமா எண்டு விசாரிச்சம். ஒரு கடையில 28,000 சொன்னாங்க, அதுவும் வெடிச்சது. அப்பதான் நாங்களே செய்வம் எண்டு முடிவெடுத்தது.

செய்ய முதல் அளக்கோணும் எண்டு நான் பிடிவாதமா நிண்டன். மச்சானுக்கு அது விசர் வேலையாப் பட்டுது. ஆனா அளக்காமச் செஞ்சா "இப்ப நல்லா இழுக்குது போல" எண்டு மனசு சொல்றத நம்பவேண்டி வரும், காசு செலவழிச்ச மனசு எப்பவும் அப்பிடித்தான் சொல்லும்.

ரெண்டு சாமான்தான் பாவிச்சது. ஒண்டு, கடைக்காரர் பிரீசருக்குள்ள வைக்கிற வயர் நீண்ட டிஜிட்டல் தெர்மோமீட்டர். அதிர முனைய பில்டர் டப்பாட வாய்க்குள்ள கட்டி, வயர கெபினுக்குள்ள எடுத்து டாஷ்போர்ட்டில ஒட்டியாச்சு. மற்றது மேசன் பாஸ்மார் மட்டம் பாக்கிற கண்ணாடி ஓஸ். அதில ஒரு துண்ட பலகையில யூ மாதிரி வளைச்சு ஆணி அடிச்சு, கலர்த் தண்ணி பாதி ஊத்தி, ஒரு நுனிய சும்மா திறந்துவிட்டு மற்ற நுனிய பில்டருக்குப் பிறகு எஞ்சினுக்குப் போற பைப்பில கொளுவினம். அந்த இடத்தில தூசு இன்டிகேட்டர் பூட்ற ஓட்டை ஒண்டு ஏற்கனவே கிடந்தது, ஆரோ ஸ்குரூ ஒண்ட முறுக்கி அடைச்சு வெச்சிருந்தான். எஞ்சின் எவ்வளவு கஸ்டப்பட்டு மூச்ச இழுக்குதோ அவ்வளவுக்குத் தண்ணி ஒரு பக்கம் ஏறும். ரெண்டு பக்கத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்த அடிமட்டத்தால அளந்தாச் சரி. ஓஸ ரெண்டு மீற்றராவது உயரமா வையுங்க, கட்டையா இருந்தா தண்ணி நேர எஞ்சினுக்குள்ள போயிடும்.

இதில ஒரு வசதி என்னெண்டா இந்த மாதிரிப் பழைய டீசல் எஞ்சினுக்கு பெற்றோல் மாதிரி காத்த அடைக்கிற கதவு இல்ல. எவ்வளவு மிதிச்சாலும் மிதிக்காட்டியும் அது இழுக்கிற காத்து சுத்துற வேகத்தப் பொறுத்ததுதான். அதால பாரம் ஏத்தி மலை ஏறத் தேவையில்ல, வீட்டு முத்தத்தில நிமிசத்துக்கு 3000 சுத்துக்கு ஏத்தி வெச்சே இழுவைய அளக்கலாம். சுத்து காட்டுற முள்ளு கொஞ்சம் பொய் சொன்னாலும் எல்லாத் தரமும் ஒரே பொய்தானே.

கணக்கையும் ஒருக்காப் பாப்பம், ஏனெண்டா பைப்ட சைஸ் இதிலதான் இருக்கு. 3567 சீசீ எஞ்சின் ரெண்டு சுத்துக்கு ஒருக்கா தன்ட வயித்த நிரப்பும். 3000 சுத்தில நிமிசத்துக்கு 1500 தரம். நூத்துக்கு 85 நிரம்புது எண்டு வெச்சாலும் நிமிசத்துக்கு 4,500 லீற்றர் காத்து. டீசல் வாற 200 லீற்றர் பெரல் இருக்கெல்லா, அந்த மாதிரி 22 பெரல், ஒரு நிமிசத்தில. இத முதல்ல விளங்கியிருந்தா நான் அடுத்துச் செஞ்ச மடத்தனத்தச் செஞ்சிருக்க மாட்டன்.

சூட்ட ஏன் பாக்கோணும் எண்டா, 35 டிகிரியில ஒரு கன மீற்றர் காத்து ஏறக்குறைய 1.15 கிலோ நிறுக்கும், 60 டிகிரியில 1.06. எஞ்சின் லீற்றர்க் கணக்கில இழுக்குது, டீசல் எரியிறது கிலோக் கணக்கில. 1 கிலோ டீசல் எரிய ஏறக்குறைய 14.5 கிலோ காத்து வேணும், புகை இல்லாம எரிய அதவிடக் கூட வேணும். சூடான காத்தக் குடுத்தா நூத்துக்கு 7, 8 சதம் காத்து குறையுது, பம்ப் அது தெரியாம அதே டீசலத்தான் ஊத்துது. மிஞ்சினது கரியாப் போகும்.

முதல் அளவு எடுத்தது ஆனி மாசம், கச்சான் காத்து அடிச்சுக்கொண்டு கிடந்த நேரம். சாப்பிர கச்சான் இல்ல, மேக்கால மலையத் தாண்டி வாற வரண்ட சூட்டுக் காத்து, மட்டக்களப்பாக்களுக்குச் சொல்லத் தேவையில்ல, முகத்தில அடுப்பூதுற மாதிரி. வெளியில 35 டிகிரி. பில்டர் வாயில ஓடக்குள்ள 49, கல்முனை டவுனுக்குள்ள நெருக்கத்தில நிண்டா 63, லுணுகலை ஏத்தத்தில 58. தண்ணி ஓஸில 170 மில்லிமீற்றர். பழைய பில்டரக் கழட்டித் தட்டினா அரைக் கிலோ மண் விழுந்திருக்கும், புதுசு போட்டம், 90க்கு இறங்கிட்டு. புகை கொஞ்சம் குறைஞ்சுது, போகல்ல. இந்த இடத்தில ஒரு உண்மைய எழுதி வைக்கோணும்: மொத்தமாக் கிடைச்ச நன்மையில ஒரு பங்கு இந்தப் புதுப் பில்டராலதான்.

இனி முதல் குழாய். என்ட கடையில கிணத்து வேலைக்கு வந்து மிஞ்சின 63 மில்லிமீற்றர் பீவீசி பைப் கிடந்தது, சும்மா கிடக்கிறதுதானே எண்டு அதையே எடுத்தன். டப்பா வாயில இருந்து கெபின் முதுகால ஏத்தி, கூரைக்கு மேல ஒரு அடி நீட்டி, மூண்டு எல்போ, எல்லாம் நல்லா செங்குத்தா 90 டிகிரி. கெபின் சாயிற இடத்தில ரப்பர் மூட்டுக்குப் பதிலா லொறி டயர் டியூப்பில ஒரு துண்ட வெட்டி கிளிப் போட்டு இறுக்கினம். பாக்க நல்ல வடிவா இருந்துது. பக்கத்து வீட்டுப் பொடியனுகள் வந்து போட்டோவும் எடுத்தானுகள்.

ஸ்டார்ட் பண்ணினா ஐடிலில பரவாயில்ல. சூடு 37, மச்சான்ட முகத்தில சிரிப்பு. மெல்ல மெல்ல மிதிக்கத் தண்ணி ஏறுது, 200, 280, 3000க்குக் கிட்ட 360. நான் அடிமட்டத்த வெச்சுக் குனிஞ்சு பாத்துக்கொண்டிருக்க ஒரேயடியா 'பக்' எண்டு ஒரு சத்தம், தண்ணி ஓஸுக்குள்ள துள்ளி 700 தாண்டிப் போகுது, சைலன்சரால கறுப்பா தள்ளுது. "நிப்பாட்டு நிப்பாட்டு" எண்டு கத்திக்கொண்டு ஓடினன். பாத்தா அந்த டயர் டியூப் துண்டு உறிஞ்சுப்பட்டு சப்பையா ஒட்டிக் கிடக்கு. சர்பத் குடிக்கிற ஸ்ட்ரோவ பல்லால கடிச்சுக்கொண்டு உறிஞ்சின மாதிரி. எஞ்சின் நிண்டதும் நல்ல பிள்ளையா திரும்ப உருண்டையா வந்துட்டு. இத நாங்க அளக்காம றோட்டில விட்டிருந்தா, நிப்பாட்டிப் பாக்கிற நேரமெல்லாம் ஒரு பிழையும் தெரிஞ்சிருக்காது, ஏத்தத்தில மட்டும் சாகும், அந்த 85,000ம் பம்ப்புக்கு அழுதிருப்பம்.

ராவைக்குக் குந்தியிருந்து கணக்குப் போட்டுப் பாத்தன். நிமிசத்துக்கு 4,500 லீற்றர் காத்து 63 மில்லி பைப்புக்குள்ளால போகோணும் எண்டா அது மணிக்கு 100 கிலோமீற்றருக்குக் கிட்ட ஓடோணும். அந்த வேகத்தில ஒவ்வொரு 90 எல்போவும் ஓஸில 50 மில்லிமீற்றர் தண்ணி ஏறுற அளவுக்கு மூச்சப் பிடிக்கும். மூண்டு எல்போ, வாய், பைப்ட நீளம் எல்லாம் சேத்தா 270. அளந்ததும் அதுதான், 360ல பில்டர்ட 90 போக 270. டியூப் சப்பையாகாட்டியும், குளிர் காத்தால வந்த 7 சத லாபத்தில ஏறக்குறைய 3 சதத்த பைப்பே திண்டுபோடும். இதே காத்து 110 மில்லி பைப்புக்குள்ளால போனா மணிக்கு 32 கிலோமீற்றர்தான். வேகம் மூண்டில ஒண்டாகினா தடை பத்தில ஒண்டாகும். பம்ப்புக்கு சக்சன் பைப் சின்னனாப் போடாதீங்க எண்டு ஊராக்களுக்கெல்லாம் சொல்லிக் குடுக்கிறவன் நான், என்ட லொறிக்கு அதையே செஞ்சு வெச்சிருக்கிறன்.

ரெண்டாந்தரம் செஞ்சது 110 மில்லி பைப். 90 எல்போவத் தொடவேயில்ல, ஒவ்வொரு திருப்பத்துக்கும் ரெண்டு 45 எல்போ, இடையில சாணளவு நேர்ப் பைப். பைப் அறுத்த வாய உள்ளுக்குப் பிசிறு இல்லாம அரத்தால தேய்ச்சு எடுத்தன். பசை போட்ட மூட்டுக்கு உள்ளுக்கு வழிஞ்ச பசையத் துணியால துடைச்சன், காஞ்சு கழண்டா உள்ளுக்குத்தானே போகும். கெபின் மூட்டுக்கு வயலுக்குத் தண்ணி இறைக்கிற பம்ப்புட 4 இஞ்சி சக்சன் ஓஸ், பச்சையில வெள்ளைக் கம்பி சுத்தினது போல இருக்குமே, அதில ஒரு முழம். அது உறிஞ்சுறதுக்கெண்டே செஞ்ச சாமான், தண்ணிய இழுத்தே சப்பையாகாது, காத்துக்கு ஆகுமா. படுவான்கரையில வயல் செய்ற ஆருட வீட்டிலயும் ஒரு துண்டு பழசு கிடக்கும், காசு குடுத்து வாங்காதீங்க. கெபின் சாய்க்கிறதுக்கு கையால முறுக்கிற கிளிப் ஒண்டு, கழட்ட பத்து செக்கன்.

பீவீசி சூட்டில இளகும், 60 டிகிரிக்கு மேல அதுக்குச் சரிவராது. அதால சைலன்சர் பைப்புக்குக் கிட்டப் போற இடத்தில மட்டும் பழைய கூரைத்தகரத்த வளைச்சு ஒரு மறைப்பு, தகரத்துக்கும் பைப்புக்கும் இடையில ரெண்டு விரல் இடைவெளி விட்டு. தகரத்த பைப்போட ஒட்ட வெச்சா மறைப்பு இல்ல, தோசைக்கல்லுத்தான். வெயிலில பீவீசி நொருங்கிப்போகும் எண்டு வெளிப்பக்கத்துக்கு வெள்ளைப் பெயின்ட் ரெண்டு கோட்.

மேல் வாய எந்தப் பக்கம் திருப்புறது எண்டுதான் பெரிய வாக்குவாதம். முன்னுக்குத் திருப்பினா ஓடுற வேகத்தில காத்து தள்ளுப்பட்டு உள்ளுக்குப் போகும், டேர்போ மாதிரி எண்டு மச்சான்ட கட்சி. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 60 கிலோமீற்றர் வேகத்தில முன்காத்து தாற அழுத்தம் 16 மில்லிமீற்றர் தண்ணிதான். வெளிக்காத்திட அழுத்தத்தோட பாத்தா ஆயிரத்தில ஒண்டரை. ஏத்தத்தில நாங்க ஓடுறது 15, 20ல, அங்க அது ஒண்டுமே இல்ல. அதுக்காக மழைத் தண்ணியையும் பூச்சியையும் வாயில வாங்கேலா. பின்னுக்குத் திருப்பினம். பில்டர் டப்பாட அடியில வாத்துச் சொண்டு மாதிரி ஒரு சின்ன ரப்பர் இருக்கும், டப்பாக்குள்ள விழுற மண்ணையும் தண்ணியையும் துப்புறதுக்கு. எங்கடதில அது இல்லாம வெறும் ஓட்டையா கிடந்தது, அந்த ஓட்டையாலயும் சூட்டுக் காத்தும் புழுதியும்தான் ஏறிக்கொண்டிருந்துது. 400 ரூவா ரப்பர். நிறைய லொறியில இது இல்ல, குனிஞ்சு பாருங்க.

அளந்தம். தண்ணி ஓஸில 110 மில்லிமீற்றர். குழாய் இல்லாமலே 90 தானே, வெறும் 20 மில்லிதான் கூட. ஓடக்குள்ள 36, டவுன் நெருக்கத்தில 41, லுணுகலை ஏத்தத்தில 37. அண்டைக்கு 50 கிலோ மூட்டை 70 ஏத்தி, 3,500 கிலோ. முன்ன ரெண்டாம் கியருக்கு இறக்கின வளைவுகள்ள ரெண்டில மூண்டாம் கியரிலேயே ஏறிட்டு. கண்ணாடியில பின்னால பாத்தா புகை இல்லாம இல்ல, ஆனா ஆள் முகம் தெரியிற அளவு. அடுத்த கிழமை புகை டெஸ்ட் பாஸ்.

இனி இத வாசிச்சுப்போட்டு "அப்ப குளிர்காத்து போட்டா லொறி பறக்குமா" எண்டு கேக்கிற ஆக்களுக்கு. இல்ல. டேர்போ இல்லாத டீசலில டீசல்ட அளவ பம்ப் தீர்மானிக்குது, காத்தக் கூட்டினா அந்த டீசல் முழுசா எரியும், புகை குறையும், இழுவை கொஞ்சம் வரும். 7 சதம் காத்து கூடினா 7 சதம் பவர் எண்டு கணக்குப் போடேலா. பெற்றோல் எஞ்சின் வேற சாதி, அதில காத்து கூடினா அதுக்கேத்த பெற்றோலையும் கூட்டும், சூட்டுக் காத்துக்கு நொக்கிங், அதாவது பெற்றோல் நேரங்கெட்டு எரிஞ்சு எஞ்சின் தட்டுறது, வரும் எண்டதால குளிர் காத்து உண்மையிலேயே வேலை செய்யும். ஆனா புதுப் பெற்றோல் வாகனத்தில காத்த அளக்கிற சென்சர் ஒண்டு அந்தப் பைப்புக்குள்ளதான் இருக்கும், பைப்ட அகலத்த மாத்தினா அதிர கணக்கே பிழைச்சுப்போகும், அதால இந்த 110 மில்லிக் கதைய அங்க கொண்டு போகாதீங்க. பொனட்டுக்குள்ள கூம்பு பில்டர் ஒண்டக் கொளுவிட்டு சீறிக்கொண்டு போற பொடியனுகளும் இருக்கிறானுகள். டப்பா இல்லாம எஞ்சின் சூட்டுக்குள்ள தொங்கிற அந்தக் கூம்பு இழுக்கிறது எங்கட லொறி முன்னம் இழுத்த அதே அடுப்படிக் காத்துத்தான். சத்தம் மட்டும் குளிரா இருக்கும்.

குளிர் எண்டு சொல்லக்குள்ள ஒரு வேடிக்கை. பண்டாரவளைக்கு ஏறினா காத்து 20 டிகிரி, நல்ல குளிர் காத்துத்தானே. ஆனா 1,200 மீற்றர் உயரத்தில காத்தழுத்தம் எங்கட கரைய விட 13, 14 சதம் குறைவு. குளிரால வாற லாபம் 5 சதத்துக்குக் கிட்ட. கூட்டிக் கழிச்சா மேல எஞ்சினுக்குக் கிடைக்கிறது நூத்துக்கு 90 தான். களுவாஞ்சிக்குடியில புகை விடாத லொறி அங்க விடுறது இதாலதான், மலைநாட்டில போய் லொறி திடீரெண்டு பழுதாப் போச்சு எண்டு பம்ப்பத் தோண்டாதீங்க.

மூண்டாவது பயணத்தில பைப் வெடிச்சுது. கீழ் எல்போக்குப் பக்கத்தில நீளமா ஒரு வெடிப்பு. பிழை என்னட: பைப்ட மேல் பாதிய கெபினிலயும், கீழ் பாதிய சேசியிலயும், நடுவில ஒரு கிளிப்ப பொடியிலயும் அடிச்சு வெச்சிருக்கிறன். கிரவல் றோட்டில சேசி ஒரு பக்கம் முறுகும், பொடி ஒரு பக்கம் ஆடும், பீவீசி பாவம் ரெண்டுக்கும் இடையில. பொடியில இருந்த கிளிப்பக் கழட்டி, கெபினுக்குரியது கெபினில, சேசிக்குரியது சேசியில, நடுவில ஆடுற ஆட்டத்த அந்தப் பச்சை ஓஸ் வாங்கட்டும் எண்டு விட்டன். கிளிப்புக்கு உள்ளுக்கு டயர் டியூப் துண்டு சுத்தினம், அதுக்கு அந்த டியூப் நல்லம்.

வெடிச்சும் எஞ்சினுக்கு ஒண்டும் ஆகல்ல, ஏனெண்டா வெடிச்சது பில்டருக்கு முன்னுக்கு. இத விளங்காமத்தான் ஆக்கள் பயப்பட வேண்டியதுக்குப் பயப்படாம மற்றதுக்குப் பயப்படுறது. பில்டருக்கு முன்னுக்கு ஓட்டை எண்டா கொஞ்சம் சூட்டுக் காத்து வரும், அவ்வளவுதான். பில்டருக்குப் பின்னுக்கு ஊசி போற இடைவெளி இருந்தாலும் புழுதி நேர சிலிண்டருக்குள்ள, ரிங்கும் லைனரும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரித் தேஞ்சுபோகும். அதால வீட்டில செய்ற எந்த வேலையும் முன்பக்கத்தோட நிக்கட்டும்.

நானா சொல்லித்தந்த ஒரு சோதனை: பில்டருக்குப் பிறகு வாற பைப்ப கழட்டி உள்ளுக்கு விரலால மெல்லிசா கிறீஸ் பூசி, திரும்பப் பூட்டி ரெண்டு நாள் ஓட்டிப் பாக்கிறது. அறுவடை நேரம், பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளிப் பக்கம் நெல்லேத்தப் போன லொறி, வெட்டு மெசின் தூசும் கிரவல் புழுதியும் வானமே தெரியாது. வந்து கழட்டினா கிறீஸில ஒரு பக்கமா கோடு போட்ட மாதிரி செம்மண். எனக்கு நெஞ்சு பக்கெண்டுது. நான் செஞ்ச வேலையில இல்ல, எஞ்சினுக்குப் போற பழைய ரப்பர் ஓஸிட கிளிப் புரி தேஞ்சு, பாக்க இறுகின மாதிரி கிடந்துகொண்டு ஒரு பக்கம் வாய் பிளந்திருக்கு. எத்தின வருசமா அப்பிடிக் கிடந்துதோ. 250 ரூவா கிளிப். மறுகா பூசின கிறீஸ் சுத்தம். இந்த முழு வேலையிலயும் எஞ்சினுக்கு உண்மையா ஆயுசு குடுத்தது அந்தக் கிளிப்தான், குளிர்காத்து இல்ல. ஆனா குளிர்காத்து ஆசை இல்லாட்டி அந்தப் பக்கம் ஆர் கையே வெச்சிருப்பாங்க.

செலவு: பைப், எல்போ, பசை 5,200. பில்டர் 4,500. கிளிப்புகள் 1,400. வாத்துச் சொண்டு 400. பெயின்ட் வீட்டில கிடந்தது, ஓஸ் மாமாட்ட வாங்கினது, தெர்மோமீட்டர் 1,800. மொத்தம் 13,300. முதல் செஞ்சு பிழைச்ச 63 மில்லி பைப் திரும்பக் கிணத்துக்கே போயிட்டு. டீசல் மிச்சமா எண்டு எல்லாரும் கேக்கிறாங்க. லீற்றருக்கு 6.1 கிலோமீற்றர் ஓடினது இப்ப 6.3 எண்டு மச்சான் கொப்பியில எழுதி வெச்சிருக்கிறார், ஆனா ஒரு தரம் கோவா, ஒரு தரம் உருளைக்கிழங்கு, பாரமும் ஒண்டில்ல றோட்டும் ஒண்டில்ல, 0.2ஐ வெச்சு நான் சத்தியம் பண்ண மாட்டன்.

மார்கழி மழையில வேற ஒரு பிரயோசனம் தெரிஞ்சுது. வெல்லாவெளிப் பக்கம் வெள்ளம் றோட்ட மூடி நிண்ட நாள், எங்களுக்கு முன்னால போன லொறி ஒண்டு நடுத்தண்ணியில 'டக்' எண்டு நிண்டுட்டு. அதிலயும் எங்கடதப் போலத்தான் குழாய அறுத்து, வாய் கீழ. தண்ணி அமுங்காதெல்லா, சிலிண்டருக்குள்ள ஒரு குவளை போனாலும் பிஸ்டன் மேல வரக்குள்ள அதத் தாங்கிற கொனெக்டிங் ரொட் வளைஞ்சுபோகும். அந்த ஆள் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணப் பாக்க, மச்சான் இறங்கிப்போய்த் திறப்பக் கழட்டி எடுத்துப்போட்டார். மறுகா கட்டி இழுத்துக் கரைக்குக் கொண்டந்தம். எங்கட குழாய் மேல கிடந்தாலும் கியர்பெட்டிக்கும் டைனமோவுக்கும் அது தெரியாது, அதால அவர இழுத்துவிட்டதோட நாங்களும் அந்தத் தண்ணியக் கடக்காமத் திரும்பி வந்திட்டம்.

இப்ப இருக்கிற குறை ரெண்டு. 2200 சுத்துக்குக் கிட்ட மேல் வாய் ஒரு மாதிரி விசிலடிக்குது, எங்கட டிரைவர்த் தம்பி அதுதான் டேர்போ எண்டு கல்முனை மாக்கட்டில சொல்லித் திரியிறான். மற்றது, லொறி பத்து நாள் நிண்ட நேரம் குளவி வந்து குழாய்க்குள்ள மண்கூடு கட்டிட்டு. அதுக்கு கோழிக்கூட்டு வலை கட்டினன், நெல்லேத்தக்குள்ள வைக்கல் தூசு வந்து அதில அடைச்சு ஓஸில 110 இருந்தது 190க்கு ஏறிட்டு. இப்ப கண் பெரிய வலை, அறுவடைக்குப் போற நாளில கழட்டிப்போட்டுப் போறது. பெரும்போக வெட்டு துவங்குது, திரும்பி வந்து தண்ணி ஓஸக் கொளுவிப் பாக்கோணும், 300 தாண்டினா பில்டர் மாத்துறது எண்டு டாஷ்போர்ட்டில மார்க்கரால எழுதி வெச்சிருக்கு.